தொலைத்தொடுகோடு: ஒரு பெயரின் பழைய சுமை

‘வளைவரை அந்தக் கோட்டை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் தொடவே தொடாது.’ தொலைத்தொடுகோடு என்றால் என்ன என்று கேட்டால் கணிதம் படித்தவர்களில் பெரும்பாலோர் சொல்லும் விடை இதுதான். கேட்பதற்குக் கவிதை போல இருப்பதால் மனத்தில் தங்கிவிடுகிறது. ஆனால் அதே மாணவர் தேர்வுத்தாளில் கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டைக் கண்டுபிடிக்கச் செய்யும் கணக்கு இந்த வாக்கியத்தை எங்குமே பயன்படுத்துவதில்லை. சார்புக்குள் இடும் எண்ணை வரம்பின்றிப் பெரிதாக்கிக்கொண்டே போகிறோம், சார்பின் மதிப்பு ஏதேனும் ஒரு நிலையான எண்ணை நோக்கி அமைகிறதா என்று பார்க்கிறோம், அமைந்தால் அந்த எண்ணின் உயரத்தில் ஒரு படுக்கைக்கோடு வரைகிறோம். வழியில் வளைவரை அந்தக் கோட்டைத் தொட்டதா, வெட்டியதா, நூறு முறை குறுக்கே போய் வந்ததா என்பதைப் பற்றி இந்தக் கணக்குக்குக் கவலையே இல்லை. அப்படியானால் ‘தொடவே தொடாது’ என்ற நிபந்தனை எங்கிருந்து வந்தது? கணக்கிலிருந்து வரவில்லை, பெயரிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிரேக்கர்கள் வைத்த ஒரு பெயர் அது. அந்தப் பெயரின் சுமையை இறக்கிவைக்கக் கணிதத்துக்கே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. வகுப்பறை வழக்கு இன்னும் இறக்கிவைக்கவில்லை.

கதை கி.மு. நான்காம் நூற்றாண்டில், ஒரு கனசதுரத்தின் பருமனை இரட்டிப்பாக்கும் புகழ்பெற்ற சிக்கலில் தொடங்குகிறது. அதற்குத் தீர்வு தேடிய மெனாய்க்மஸ், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கோடுகளிலிருந்து அளக்கும் தூரங்களின் பெருக்கற்பலன் மாறாமல் இருக்கும் வளைவரையைப் பயன்படுத்தினார். நாம் அதிபரவளையம் என்று அழைப்பது அதைத்தான். பெருக்கற்பலன் ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஒரு கோட்டிலிருந்து பத்து அளவு விலகியவுடன் மற்றக் கோட்டுக்கான தூரம் பத்தில் ஒன்றாகும். ஆயிரம் விலகினால் ஆயிரத்தில் ஒன்று. தூரம் குறைகிறது, ஆனால் சுழியாக முடியாது, ஏனெனில் சுழியை எதனால் பெருக்கினாலும் ஒன்று வராது. இங்கே நெருங்குவது, தொடாமலிருப்பது என்ற இரண்டு செய்திகள் ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றுகின்றன. முதலில் கையில் கிடைத்த எடுத்துக்காட்டு இதுவாக இருந்ததுதான் பின்னால் வந்த குழப்பத்துக்கெல்லாம் வித்து. இந்த வளைவரையில் இரண்டும் உண்மை என்பதால், இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் எளிதாக வேரூன்றிவிட்டது.

ஆனால் தொடக்கத்தில் இதற்கு வேறு பெயரும் இருந்தது. கி.மு. 212-இல் இறந்த ஆர்க்கிமிடீஸ் தம் எழுத்தில் இந்தக் கோடுகளை, வளைவரைக்கு ‘மிக அண்மையான கோடுகள்’ என்ற பொருள் தரும் தொடரால் குறிக்கிறார். அண்மைதான் அங்கே பெயர். தொடுதலைப் பற்றிப் பேச்சே இல்லை. அவருக்கு அடுத்த தலைமுறையில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த பெர்கா நகரத்தவரான அப்பொலோனியஸ் கூம்பு வெட்டுகளைப் பற்றி எட்டு நூல்கள் எழுதினார். இரண்டாம் நூலின் தொடக்கத்தில் இந்தக் கோடுகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் ‘அசும்ப்டோடோஸ்’. ‘ஒன்றாக விழாதது’, அதாவது சந்திக்காதது என்று பொருள். கிரேக்கத்தில் அது ஒரு பொதுச்சொல்தான். சந்திக்காத எந்தக் கோடுகளையும் அப்படிச் சொல்லலாம். வியப்பு என்னவென்றால், அதே நூலின் 14-ஆம் தேற்றத்தில் அப்பொலோனியஸ் நிறுவுவது வேறொன்று. வளைவரையையும் கோட்டையும் நீட்டிக்கொண்டே போனால் அவை மேலும் மேலும் நெருங்கும், எவ்வளவு சிறிய தூரத்தைக் குறிப்பிட்டாலும் அதைவிடக் குறைந்த தூரத்துக்கு வந்துசேரும் என்கிறது அந்தத் தேற்றம். இன்று எல்லை என்ற கருத்தின் உயிராக நாம் கொள்வதும் இதே ‘குறிப்பிட்ட எந்தத் தூரத்தைவிடவும் குறைவாக’ என்ற தொடர்தான். சரக்கு முழுவதும் 14-ஆம் தேற்றத்தில் இருந்தது. பெயர்ப்பலகையில் மட்டும் ‘சந்திக்காதது’ என்று எழுதியிருந்தது. ஆர்க்கிமிடீஸின் பெயர் மறைந்துபோக, அப்பொலோனியஸின் பெயர் ஐரோப்பிய மொழிகள் அனைத்திலும் புகுந்து நிலைத்தது.

சந்திக்காமை ஏன் வென்றது? தத்துவவாதிகளை ஈர்த்தது அதுதான் என்பதே காரணம் என்று கருதுகிறேன். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் யூக்ளிடின் முதல் நூலுக்கு உரை எழுதிய புரோக்ளஸ், இணைகோடுகள் பற்றிய எடுகோளைச் சோதிக்க இந்த வளைவரைகளைச் சாட்சிக்கு அழைத்தார். ஒன்றையொன்று நோக்கிச் சாயும் இரு நேர்கோடுகள் என்றாவது சந்தித்தே தீரும் என்று ஏன் நம்ப வேண்டும்? அதிபரவளையம் நெருங்கியும் சந்திப்பதில்லையே, நிக்கோமீடிஸ் கண்ட சங்கு வளைவரையும் தன் அடிக்கோட்டை நெருங்கியும் சேர்வதில்லையே என்பது அவர் எழுப்பிய ஐயம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிடிஸ், மனத்தால் கற்பனை செய்ய முடியாத ஒன்றை அறிவு நிறுவிக்காட்ட முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அப்பொலோனியஸின் இரண்டாம் நூலைச் சுட்டினார். 1580-இல் வெளிவந்த மோந்தேனின் கட்டுரைகளிலும், நெருங்கியும் சேராத இரு கோடுகளைப் பற்றி ழாக் பெலெத்தியே தம்மிடம் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களின் வாயில் புழங்கியது ஒரே செய்தி: நெருங்கும், சேராது. நெருக்கத்தின் அளவைப் பற்றிய நுட்பமான தேற்றத்தைவிடச் சேராமை என்ற புதிர்தான் நூலிலிருந்து நூலுக்குப் பயணம் செய்தது. இன்றைய வகுப்பறை வாக்கியம் அந்தப் பயணத்தின் கடைசி நிறுத்தம்.

பதினேழாம் நூற்றாண்டில் வளைவரைகளைச் சமன்பாடுகளால் எழுதத் தொடங்கியதும் நிலைமை மாறியது. 1637-இல் தெக்கார்த்தின் வடிவியல் நூல் வந்த பிறகு, கூம்பை வெட்டிக் கிடைக்காத வளைவரைகள் நூற்றுக்கணக்கில் பிறந்தன. அவற்றில் ஒன்றை லோப்பித்தாலும் ஹைகென்சும் 1692-இல் ஆராய்ந்தார்கள். நியூட்டன் அதற்குப் பாம்பின் பெயரைச் சூட்டினார். 1704-இல் தம் ஒளியியல் நூலின் பின்னிணைப்பாக மூன்றாம் படி வளைவரைகளை 72 இனங்களாக வகுத்து அவர் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற வளைவரை இது. எளிய வடிவில் சொல்வதானால், ஓர் எண்ணை நான்கால் பெருக்கி, அதே எண்ணின் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். எண் 1 என்றால் விடை 2. எண் 10 என்றால் 40-ஐ 101-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.396. எண் 100 என்றால் 0.04-க்குச் சற்றுக் குறைவு. 1000 என்றால் 0.004-க்குச் சற்றுக் குறைவு. வலப்பக்கம் சுழியை நோக்கித் தாழ்கிறது. இடப்பக்கம் கீழிருந்து சுழியை நோக்கி உயர்கிறது. ஆக, கிடைமட்ட அச்சே அதன் தொலைத்தொடுகோடு. ஆனால் எண் சுழியாகும்போது விடையும் சுழி! பாம்பு தன் நட்டநடுவில் அந்தக் கோட்டின் மேல் ஏறி மறுபக்கம் இறங்குகிறது. ‘சந்திக்காத கோடு’ என்று பெயர் பெற்ற ஒன்றை வளைவரை நேருக்கு நேர் வெட்டுகிறது. நேர்கோடு ஒன்று மூன்றாம் படி வளைவரையை மூன்று இடங்களுக்கு மேல் சந்திக்க முடியாது. தொலைத்தொடுகோடு என்ற உறவே அவற்றில் இரண்டை முடிவிலியில் செலவழித்துவிடுகிறது. மிச்சமுள்ள ஒன்றை இங்கே கண்முன்னே வெட்டிச் செலவழிக்க எந்தத் தடையும் இல்லை. அதன் உறவுக்காரி போல இன்னொரு வளைவரை உண்டு. மிலான் நகரத்து மரியா கயெத்தானா அக்னேசி 1748-இல் வெளியிட்ட பாடநூலால் புகழ்பெற்றது. எண்ணின் வர்க்கத்தோடு நான்கைக் கூட்டி, அதனால் எட்டை வகுத்தால் கிடைப்பது. அது மணி கவிழ்த்தாற்போல எழுந்து இருபுறமும் அச்சை நோக்கித் தாழ்கிறது, அச்சை ஓரிடத்திலும் தொடுவதில்லை. எல்லை வைத்துக் கணக்கிடும்போது இந்த இரண்டு வளைவரைகளுக்கும் கிடைக்கும் விடை ஒன்றே. ஒன்று தொடுகிறது, மற்றது தொடுவதில்லை என்ற வேறுபாடு அந்தக் கணக்கில் பதிவாவதே இல்லை.

‘கிடைமட்ட’ என்ற அடைமொழியின் வயதையும் இங்கே கவனிக்க வேண்டும். அப்பொலோனியஸுக்குக் கிடைமட்டம், செங்குத்து என்ற பேதம் பொருளற்றது. தாளைத் திருப்பினால் எல்லாக் கோடும் ஒன்றுதான். ஒரு கோடு கிடைமட்டமாக இருப்பது சிறப்புத் தகுதியாக வேண்டுமானால், ஓர் எண்ணை இட்டால் இன்னோர் எண் விளைகிறது என்ற சார்புக் கருத்து முதலில் வர வேண்டும். அந்தக் கருத்தைப் பகுப்பாய்வின் நடுவில் நிறுத்தியது ஆய்லர் 1748-இல் லோசானில் வெளியிட்ட இரு தொகுதி நூல். அதன் இரண்டாம் தொகுதியில் முடிவிலிக்கு ஓடும் கிளைகளை அவர் ஆராயும் வழி, இன்று மாணவர்கள் செய்வதன் மூத்த வடிவம்: சமன்பாட்டில் மிக உயர்ந்த அடுக்குள்ள உறுப்புகளைப் பிரித்தெடுத்து, அவை என்ன சொல்கின்றன என்று கேட்பது. விகிதமுறு சார்பில் தொகுதியையும் பகுதியையும் உயர்ந்த அடுக்கால் வகுக்கும் உத்தி இதிலிருந்து இயல்பாக வருகிறது. எண்ணின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி, எண்ணை மூன்றால் பெருக்கிச் சேர்த்து, ஒன்றையும் கூட்டி, மொத்தத்தையும் ‘வர்க்கம் கூட்டல் ஒன்று’ என்பதால் வகுப்பதாகக் கொள்வோம். மேலும் கீழும் வர்க்கத்தால் வகுத்தால், எண் பெருகப் பெருக மூன்றும் ஒன்றும் இருந்த உறுப்புகள் தேய்ந்து மறைந்து இரண்டு மட்டும் நிற்கும். எனவே இரண்டின் உயரத்தில் கிடைமட்டக் கோடு. ஆனால் எண் மூன்றில் ஒன்றாக இருக்கும்போது இதே சார்பின் மதிப்பு சரியாக இரண்டு. பாடநூலில் எடுத்துக்காட்டாக வரக்கூடிய இவ்வளவு எளிய சார்பே தன் தொலைத்தொடுகோட்டை வெட்டுகிறது. கிடைமட்டத்தில் இப்படி அதிகம் போனால் இரண்டு கோடுகளே இருக்க முடியும், வலக்கோடியில் ஒன்று, இடக்கோடியில் ஒன்று. பாம்பு வளைவரைக்கு இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்டது.

வளைவரைகள் இப்படிச் சாட்சி சொன்ன பிறகும் பழைய நிபந்தனை சாகவில்லை. எல்லை என்ற புதிய கருத்துக்குள் குடியேறிக்கொண்டது. 1734-இல் பார்க்லி பாதிரியார் நியூட்டனின் முறையைக் கடுமையாகத் தாக்கியதும், அந்த முறைக்கு ஆதரவாக எழுதியவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டார்கள். மாறும் அளவு ஒன்று தன் எல்லையை அடைகிறதா இல்லையா என்பதே சண்டை. அடைகிறது என்றார் ஜேம்ஸ் ஜூரின். பெஞ்சமின் ராபின்ஸ் 1735-இல் எழுதிய நூலில் வைத்த வரையறை அதற்கு நேர்மாறு: எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம், ஆனால் ஒருபோதும் சமமாக முடியாது என்பதே அவருக்கு எல்லை. அதிபரவளையத்துக்கும் அதன் கோட்டுக்கும் உள்ள உறவை எண்களின் மொழியில் சொன்னாற்போலத்தான் இருக்கிறது. பீரங்கிக் குண்டின் வேகத்தை அளக்கும் ஊசலைக் கண்டவராகவும் அறியப்படும் இதே ராபின்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-இல் சோழமண்டலக் கரைக்கு வந்தார். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் பிடித்து 1749-இல் திருப்பிக் கொடுத்திருந்த நேரம் அது. கோட்டைகளைப் பலப்படுத்துவது அவர் வேலை. 1751 ஜூலையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். எல்லையை அடைய முடியுமா என்று வழக்காடியவரின் வாழ்வு முடிந்தது தமிழ்க் கரையில் என்பது நம் கணித வரலாற்று நூல்களில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

ராபின்ஸ் மட்டும் அப்படி எண்ணவில்லை. தலாம்பேர் கணிதப் பகுதியைக் கவனித்த பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், 1765-இல் வந்த ‘எல்லை’ என்ற பதிவும், நெருங்கும் அளவு தன் எல்லையைத் தாண்டக்கூடாது என்றே நிபந்தனை போட்டது. வட்டத்துக்குள் வரையும் பலகோணத்தைப் பக்கம் கூட்டிக்கொண்டே போவது அவர்கள் மனத்திலிருந்த படம்; பலகோணம் வட்டத்தைத் தாண்டுவதில்லை, வட்டமாகவும் ஆவதில்லை. இங்கும் கையில் கிடைத்த முதல் எடுத்துக்காட்டின் குணம் வரையறைக்குள் நுழைந்துவிட்டது. 1821-இல் பாரிசில் கோஷி வெளியிட்ட பாடநூல்தான் இதைக் களைந்தது. அடுத்தடுத்து வரும் மதிப்புகள் ஒரு நிலையான மதிப்பிலிருந்து நாம் விரும்பும் அளவுக்குக் குறைவாக வேறுபடத் தொடங்கினால் அதுவே எல்லை என்றார் அவர். தாண்டக்கூடாது, தொடக்கூடாது என்ற தடைகள் அந்த வரையறையில் இல்லை. பெர்லினில் வயர்ஸ்ட்ராஸ் பின்னர் அதைச் சமனின்மைகளாக இறுக்கினார். அதன்படி கிடைமட்டத் தொலைத்தொடுகோட்டை இப்படிச் சொல்லலாம்: கோட்டின் மேலும் கீழும் எவ்வளவு குறுகிய பட்டை தீட்டினாலும், ஓர் இடத்துக்கு அப்பால் வளைவரை அந்தப் பட்டையை விட்டு வெளியே வருவதில்லை. பட்டைக்குள் அது கோட்டைச் சுற்றி அலைபாயலாம். சைன் சார்பை எண்ணால் வகுத்து வரைந்தால் அது சுழியைக் கணக்கற்ற முறை வெட்டிக்கொண்டே சுழியில் அடங்குவதைப் பார்க்கலாம். ‘எல்லை’ என்ற நம் சொல்லுக்கே எல்லைக்கல், எல்லைச்சாமி என்று தாண்டக்கூடாமையின் வாசனை உண்டு என்பதால், தமிழில் கற்பிப்பவர்கள் இந்த இடத்தில் இரட்டை எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு வரலாற்றாசிரியர் ஒருவர் எழுப்பக்கூடிய மறுப்பு உண்டு. அப்பொலோனியஸின் தேற்றத்தில் எல்லையைப் பார்ப்பது, பிற்காலத்துக் கருத்தை முற்காலத்தில் திணிப்பதாகாதா? ஒரு பகுதி ஒப்புக்கொள்ள வேண்டியதே. அவரிடம் மாறி இல்லை, சார்பு இல்லை, முடிவிலிக்கு ஓடும் எண் இல்லை. இருந்தது ஒரு வளைவரையும் அதன் கோடுகளும் மட்டுமே. எனினும் 14-ஆம் தேற்றம் அளவைப் பற்றிய கூற்று, பெயரோ சந்திப்பைப் பற்றிய கூற்று என்ற வேறுபாட்டை அவரது நூலே காட்டுகிறது. அதைக் காணப் பிற்காலக் கண்ணாடி தேவையில்லை. இன்னொரு மறுப்பு நம் மொழியிலிருந்தே வரும். தமிழ்ச்சொல் ‘சந்திக்காத கோடு’ என்று சொல்லவில்லையே, தொலைவில் தொடும் கோடு என்றல்லவா சொல்கிறது? உண்மை, கிரேக்கப் பெயர் மறுத்ததைத் தமிழ்ப் பெயர் உறுதி செய்கிறது. தொலைத்தொடுகோட்டை முடிவிலியில் தொடும் கோடாகப் பார்த்த மரபும் ஐரோப்பாவில் இருந்தது. 1639-இல் தெசார்க் அவ்வாறே நடத்தினார். அழகான பார்வை அது. ஆனால் எண்ணால் வகுத்த சைன் சார்பு போல முடிவின்றி வெட்டிக்கொண்டே போகும் வளைவரைக்கு ‘தொலைவில் ஒருமுறை தொடும்’ என்ற படமும் பொருந்தாது. தமிழில் வழங்கும் மற்றொரு சொல்லான ‘அணுகுகோடு’ ஆர்க்கிமிடீஸின் பழைய பெயருக்கு அருகில் நிற்கிறது. எனக்கு அதுவே பிடித்த சொல். கணித ஆசிரியர் ஒருவர் வேறு விதமாகவும் மடக்கலாம்: தொடுதல் அனுமதி என்றால், எப்போதும் மூன்று என்றே மதிப்புள்ள சார்புக்கு மூன்றின் உயரத்துக் கோடே தொலைத்தொடுகோடா, அதாவது தனக்குத் தானேயா? எல்லை வரையறை ஆம் என்கிறது. காதுக்கு உறுத்தினாலும் அதில் முரண் எதுவும் இல்லை. அதை விலக்க ஒரு தனி நிபந்தனை போட்டால் பாம்பு வளைவரைக்கும் எண்ணால் வகுத்த சைன் சார்புக்கும் விதிவிலக்குகளை அடுக்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

தொடக்கநிலை மாணவருக்கு ‘தொடாது’ என்று சொல்வதால் என்ன கெட்டுவிடும் என்பாரும் உண்டு. தொடாமையை மனத்தில் வைத்தவர் தொலைத்தொடுகோட்டைச் சுவராக நினைக்கிறார் என்பதே என் கவலை. 1920-இல் ரேமண்ட் பேர்லும் லோவெல் ரீடும் அமெரிக்க மக்கள்தொகையை ஒரு வளைவரையில் பொருத்தி, அதன் மேல் தொலைத்தொடுகோடு சுமார் 19.7 கோடி என்று கணித்தார்கள். 1970 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 20 கோடியைத் தாண்டியிருந்தது. தவறியது மாதிரிதான், கணிதம் அல்ல. ஆனால் கோட்டுக்குச் சுவரின் அதிகாரத்தைக் கொடுத்துவிட்டால் மாதிரியைச் சந்தேகிக்கும் பழக்கம் தேய்கிறது. இயற்கையிலோ கோட்டை வெட்டுவதே பெருவழக்கு. தட்டில் எடை வைத்ததும் தராசு முள் இருபுறமும் ஆடிவிட்டுத்தான் நிலைகொள்கிறது. அந்த ஆட்டத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் அது நிலைக்கோட்டைத் திரும்பத் திரும்ப வெட்டியபடியே அடங்கும்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் இன்னும் ஒரு படி நகர்ந்தது. அந்த நகர்வில் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜனுக்குப் பங்குண்டு. ஓர் எண்ணைக் கூட்டல் பிரிவினைகளாக எத்தனை வகையில் எழுதலாம் என்பதற்கு அவரும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தோராயச் சூத்திரம் வருகிறது. அதை அழைக்கும் அடைமொழி அதே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 100-ஐப் பிரிக்கும் வழிகள் 19,05,69,292. இந்தச் சூத்திரம் தருவது ஏறத்தாழ 19.93 கோடி, 87 லட்சம் அதிகம். 200-க்கு உண்மை எண்ணிக்கை 3,97,299 கோடிக்கும் மேல்; சூத்திரம் அதைவிடச் சுமார் 12,700 கோடி அதிகமாகத் தருகிறது. வித்தியாசம் குறையவில்லை, பயங்கரமாகப் பெருகுகிறது! அப்பொலோனியஸின் பார்வையில் இவை ஒன்றையொன்று விட்டு ஓடும் வளைவரைகள். ஆனால் சூத்திரத்தின் விடையை உண்மையான விடையால் வகுத்துப் பார்த்தால், 100-இல் 1.046 அளவில் இருந்தது 200-இல் 1.032 ஆகியிருக்கிறது, எண் பெருகப் பெருக அது ஒன்றை நோக்கிப் போகிறது. அந்த விகிதத்தை வரைந்தால் ஒன்றின் உயரத்தில் ஒரு கிடைமட்டக் கோடு தோன்றும். ‘சந்திக்காதது’ என்று தொடங்கிய சொல், தூரம் குறைய வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட விட்டுவிட்டு, அந்த ஒரு கோட்டை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது.